பக்கத்து வீட்டுப் பெட்டை

போன மாதம் ஒரு சஞ்சிகையில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தாள். வயதுபோன பெண்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுத் தொகுத்துப் போடப் போகிறார்களாம். "இருபது வயசில இருந்த உங்களை இப்ப நேரில கண்டா என்ன புத்தி சொல்லுவீங்கள் அம்மா? நாலு வரி போதும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வயதில் நான் யாருடைய புத்தியைக் கேட்டேன், என்னுடைய புத்தியைக் கேட்பதற்கு? இப்படி ஒரு நரைத்த மனுசி எதிரே வந்து நின்று உபதேசம் செய்திருந்தால், "வெய்யில் ஏறுது, பாத்து வீட்டை போங்கோ" என்று அனுப்பிவிட்டு என் பாட்டில் போயிருப்பேன். அந்தப் பிள்ளையிடமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அக்காவின் நினைவு வந்தது. அந்தக் கேள்விக்கு நாலு வரியில் அல்ல, நாள் தவறாமல், விடியற்காலையில் தொடங்கி, ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனுசி அவர். அன்று முழுக்க நான் தனியே சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரி. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் வாசிக்கிற மாதிரி எழுதினால் என்னை என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் கலியாணம் முடித்து, கட்டைபறிச்சானில் இருந்து வந்து மூதூரில் லோஞ்சுப் படகு ஏறி, ஒரு தகரப் பெட்டியோடும் அதை விடப் பெரிய பயத்தோடும் அந்த ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது அறுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளைக்காரனின் கடற்படை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே ஒரு கிடுகுவேலி. வந்த மறுநாள் காலை நான் அடுப்பு மூட்டுகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வருகிறது.

"எடி பெட்டை! ஆராவது உனக்கு நீலம்தான் வடிவு எண்டு சொன்னா நம்பிப்போடாதை. கடைக்காரனிட்ட நீலச்சீலை மிஞ்சிப்போச்சு. அவ்வளவுதான் சங்கதி."

பிறகு கொஞ்ச நேரம் இடியப்பம் பிழிகிற சத்தம். மறுபடியும் குரல்.

"கேக்குதோடி? கலியாண வீட்டில ரெண்டாம் பந்தியில இரு. முதல் பந்தியில சோறு வேகாது. மூண்டாம் பந்தியில கறி இராது."

பெட்டை வாய் திறக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. விடிந்தும் விடியாததுமாக ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து இப்படியா உரு ஆடுவது? என் கணவர் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, "உது ஒவ்வொரு நாளும்தான். ஆனா அந்தப் பெட்டை தங்கம். இவ்வளவு ஏச்சு வாங்கியும் ஒரு சொல் திருப்பிக் கதைச்சு நான் கேட்டதில்லை" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பாடம் இருந்தது. நான் பார்க்காதது போல் அடுப்பை ஊதினேன்.

கிண்ணியாவில் இருந்து சைக்கிளில் தயிர் கொண்டுவருகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அக்கா வீட்டு வாசலில் நின்று, "புள்ளைக்கு ஏசாதீங்க அக்கா, பாவம். வளர்ற புள்ள. இந்தாங்க, கொஞ்சம் கூடப் போட்டிருக்கன்" என்று முட்டியை நீட்டுவார். அக்கா மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெட்டையோடு சிநேகிதம் பிடித்துக்கொண்டால் எனக்கும் பேச்சுத்துணை ஆகும் என்பது என் திட்டம். அக்கா குசினியில் இடியப்பம் பிழிகிற உரலோடு நின்றார். நாற்பதைக் கடந்த, நல்ல உயரமான பெண். முன்னால் நரை, முழங்கை வரை அரிசிமா. லோஞ்சுத்துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்குக் காலை இடியப்பம் அவர் கையால்தான் போகும். மூதூருக்குப் போகிற சனமெல்லாம் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறும்.

"பிள்ளை எங்கை அக்கா? அவவுக்குத்தான் கொண்டுவந்தனான்."

"எந்தப் பிள்ளை?"

"நீங்கள் காலமையில ஏசுற..."

அக்கா உரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பார்த்தால் மனுசி சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மா.

"அது நான்தான் பிள்ளை. பத்தொன்பது வயசு நான்" என்றார். "ஊரில எல்லாரும் ஆருக்காவது புத்தி சொல்லுகினம். என்னட்டைக் கேக்க ஆள் இல்லை. அதால அவளைப் பிடிச்சு வைச்சுச் சொல்லுறன். அவளுக்கு எழும்பி ஓட ஏலாது பார்."

பணியாரத்தை இரண்டு பேருமாகச் சாப்பிட்டு முடித்தோம். போகும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "உன்ர மனுசனுக்குச் சொல்லிப்போடாதை. ஆம்பிளையள் கேட்டா விசர் எண்டுவினம்." நான் சத்தியம் செய்தேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய இரகசியம் அது ஒன்றுதான். அதனால் வந்த கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு என் காலைகள் எல்லாம் வேலியோரத்தில்தான். சும்மா சொல்லக்கூடாது, அக்காவின் புத்திமதிகளில் உபயோகமானவையும் இருந்தன. "எடி பெட்டை, லோஞ்சில நடுவில இரு. ஓரத்தில இருந்து அலையை ரசிக்கிறன் எண்டு சீலையை நனைச்சது போதும்." "எடி, படம் பாக்கேக்க அழுகை வந்தா வாய்விட்டு அழு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தா பக்கத்தில இருக்கிறவளுக்கு வசனம் கேக்காது." ஒரு நாள் சொன்னதை அடுத்த நாள் மாற்றியும் சொல்வார். திங்கட்கிழமை, "அவசரப்படாதை." செவ்வாய்க்கிழமை, "எல்லாத்துக்கும் ஆறியிருந்து ஆறியிருந்துதானடி இந்த நிலைமை." நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அக்கா, நேற்று வேற மாதிரிச் சொன்னனீங்கள்" என்பேன். "நேற்று அவள் வேற பிழை விட்டவள்" என்று பதில் வரும்.

சொல்வதோடு நிற்கமாட்டார், அதுதான் அக்காவிடம் எனக்குப் பிடித்தது. பெட்டை செய்யாமல் விட்டதை இப்போது தானே செய்துபார்ப்பார். தெருவில் நின்று ஐஸ்பழம் சூப்பக்கூடாது, பெரிய பிள்ளை என்று அந்தக் காலத்தில் தகப்பனார் தடுத்திருக்கிறார். ஒரு பின்னேரம், "எடி பெட்டை, அந்தச் சிவப்பு ஐஸ்பழத்தை ஒருக்காத் திண்டிருந்தா உலகம் அழிஞ்சிருக்குமோ?" என்று குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா ஒழுங்கை வாசலில் நின்று மணியடிக்கிற ஐஸ்பழக்காரனை மறிக்கிறார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். அங்கேயே நின்று முழங்கை வரை ஒழுக ஒழுகச் சாப்பிட்டோம். பிறகு அவர் அப்படியே மாதா கோயில் நவநாளுக்குப் போய் முன்வரிசையில் நின்று பாட வாய் திறந்திருக்கிறார். உள்ளே எல்லாம் இரத்தச் சிவப்பு. சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டு, "சுகமில்லையோ?" என்று கேட்டாராம். "ஓம் சுவாமி, இப்பதான் சுகம்" என்றாராம் அக்கா.

இன்னொரு நாள், "எடி பெட்டை, கடலுக்க இருக்கிற ஊரில பிறந்து கணுக்காலுக்கு மேல நனையாமல் இருந்திட்டியேடி" என்று தொடங்கியது. அன்று பின்னேரமே என்னை இழுத்துக்கொண்டு கோட்டைக்கு இந்தப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனார். கரையில் இரண்டு புள்ளிமான்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. அக்கா சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை இராணி மாதிரிப் போனார். ஒரே ஒரு அலைதான். ஆள் குப்புற விழுந்து, செருப்பு ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். நான் கத்திய கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர முன்னமே அக்கா எழும்பி நின்று, மூக்கால் தண்ணீர் வடிய வடிய, "எடி பெட்டை, கடலுக்க வாயைத் திறக்கக்கூடாது எண்டு உனக்குச் சொல்ல மறந்துபோனன்" என்றார். ஓடிவந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் நனைந்த கோழிகள் போல் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

இப்படிச் சின்ன விசயங்களில் எல்லாம் பெட்டைக்குச் சொன்னதைத் தான் செய்துவிடுகிற மனுசிக்கு ஒரே ஒரு விசயம் மட்டும் ஏலாது. அதைத்தான் பெட்டைக்கு எல்லாவற்றையும் விடக் கூடுதலாகச் சொல்வார். "வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லடி! உனக்கு வாய் என்னத்துக்கு?"

ஏன் என்பது அவருடைய அண்ணர் மட்டக்களப்பில் இருந்து வந்த அன்று எனக்குத் தெரிந்தது. அங்கே கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். வரும்போது தங்கச்சிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருகிறவர்தான். ஆனால் கேள்வியையும் தானே கேட்டு மறுமொழியையும் தானே சொல்லுகிற சாதி. கதிரையில் இருந்து இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே கதையைத் தொடங்கினார். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை, பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை.

"நீ இஞ்ச தனிய இருந்து கடைக்கு இடியப்பம் அவிக்கிறதும் எங்களுக்கு மரியாதை இல்லை. வீட்டை வாடகைக்கு விடுவம். வாற சனிக்கிழமை லொறியோட வாறன். சரிதானே?"

அக்கா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மௌனம் சம்மதம்" என்று அண்ணர் சந்தோசமாகக் கையைக் கழுவினார்.

அவர் போன பிறகு நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அக்கா, அவளுக்கு நாள் முழுக்கச் சொல்லுறதை அண்ணருக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்!"

"அவளுக்குச் சொல்லுறது சுகம் பிள்ளை. அவள் முகம் வாடமாட்டாள். அண்ணரின்ர முகம் வாடினா என்ர வாய் ஒட்டிப்போகுது" என்றார். பிறகு சொன்னார். பத்தொன்பது வயதில் கொழும்பில் தாதி வேலை படிக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா இல்லை. அண்ணருக்கு வெளியூரில் வேலை. "நீ போனா அப்பாவை ஆர் பாக்கிறது? நிக்கிறாய்தானே?" என்று இதே அண்ணர் இதே கதவடியில் கேட்டிருக்கிறார். இவர் இதே போல நின்றிருக்கிறார். மௌனம் சம்மதம். "அவளாவே விருப்பப்பட்டு நிக்கிறாள்" என்று ஊருக்கும் சொல்லியாகிவிட்டது.

"அப்பாவைப் பாத்தது எனக்கு மனவருத்தம் இல்லை. கேட்டிருந்தா நானே நிண்டிருப்பன் போல. ஆனா அண்டைக்கு அவள் ஒரு சொல் சொல்லேல்ல பார், ஓம் எண்டோ ஏலாது எண்டோ. அதைத்தான் என்னால மன்னிக்க முடியேல்ல."

அந்தக் கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் பெட்டைக்கு விழுந்த ஏச்சு கொஞ்ச நஞ்சம் அல்ல. அதற்கு நடுவே அக்கா பாத்திரங்களைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டும் இருந்தார். கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். அந்த ஊரில் எனக்கு என்று இருந்தது அந்த ஒரு மனுசிதான். லொறி வந்துவிட்டால் அக்காவும் போய்விடுவார், அந்தப் பெட்டையும் போய்விடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் அரைநேர வேலை முடிந்து, குளித்து, தலை வாரி, வாசலில் நின்று மீசையைத் தடவினார்.

"இஞ்சேரப்பா, இண்டைக்குப் பக்கத்து வீட்டில நல்ல காரியம். சாம்பல்தீவில இருந்து பொம்பிளை பாக்க வருகினம்."

"ஆரைப் பாக்க?"

"ஆரை? அந்தப் பெட்டையைத்தான். நான்தான் நற்சாட்சி குடுத்தனான்."

என் கையில் இருந்த அகப்பை விழுந்தது. அவர் பெருமையாக விளக்கினார். சலூனில் ஒரு பெரிய மனுசர், மாப்பிள்ளையின் மாமன், விசாரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதுதானே வழக்கம். பெண் வீட்டாரிடம் ஒரு சொல் கேட்க முன்னம் அக்கம்பக்கத்தில் பத்துச் சொல் கேட்பார்கள்.

"நான் உள்ளதைச் சொன்னன். இவ்வளவு காலம் பக்கத்தில இருக்கிறன், முகத்தைக் கண்டதில்லை, அவ்வளவு அடக்கம் எண்டன். விடிஞ்சா பொழுதுபட்டா ஏச்சு, ஒரு எதிர்க்கதை இல்லை எண்டன். அழுது கூடக் கேட்டதில்லை எண்டன். அந்த மனுசன் அரை முகச் சவரத்தோட எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சிட்டார்."

இதில் கலியாணத் தரகர் வேறு தன் பங்குக்குத் தாயில்லாப் பிள்ளை, பெரியம்மா வளர்க்கிறார் என்று ஒரு கதையைப் பின்னி ஓட்டைகளை அடைத்திருக்கிறார். போன கிழமை அக்காவிடமும் போய், "சனிக்கிழமை பின்னேரம் ஒரு நல்ல விசயமா நாலு பேர் வருவினம்" என்று தரகர் பாணியில் பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறார். யாரோ விசேசத்துக்கு இடியப்பம் சொல்ல வருகிறார்கள் என்று அக்கா எண்ணிக்கொண்டார். லொறிக் கவலையில் அதையும் மறந்துபோனார்.

நான் ஓடினேன். ஆனால் வாடகைக் கார் என்னை முந்திவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல வாட்டசாட்டமான பெண். பட்டுச்சீலை, கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச்சரம். கட்டி வைத்த பாத்திரங்களுக்கு நடுவில் கிடந்த ஒரே நல்ல கதிரையை நிறைத்துக்கொண்டு இருந்தார். மாமன் ஒரு பெட்டியில் இருந்தார். மாப்பிள்ளை மெலிந்த பொடியன், லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி சுவரோடு நின்றான். தரகர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா தேத்தண்ணி கொடுத்தார். நான் குசினி வாசலில் நின்று கண்ணாலும் கையாலும் சைகை காட்டினேன். அக்கா அதைப் பார்த்து எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"எத்தனை பேருக்கு வேணும்?" என்று அக்கா கேட்டார்.

"எங்களுக்கு ஒண்டு போதும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாங்கள் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆக்கள் இல்லை. சீதனம், படிப்பு ஒண்டும் முக்கியமில்லை. மூத்தவனுக்கு வந்த மருமகள் பெரிய வாய்க்காரி, தனிக்குடித்தனம் போயிட்டாள். அதால ரெண்டாவதுக்கு வாயில்லாத பிள்ளையாத் தேடினம். உங்கட பெட்டை என்ன ஏசினாலும் ஒரு சொல் கதைக்கமாட்டாளாம். அப்பிடி ஒரு பிள்ளையை வளத்ததுக்கு உங்களைக் கும்பிட வேணும். கூப்பிடுங்கோ, பாப்பம்."

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்த்தார். நான் முருங்கையடியில் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்த என் கணவரைப் பார்த்தேன். அக்காவின் முகம் சிவந்தது.

"அதுதான் அவளின்ர கேடு!" என்றார் சத்தமாக. "ஒரு சொல் கதைக்காமல் நிண்டு நிண்டுதான் அவள் கெட்டாள். அதைப் போய்ப் புகழுறீங்கள்!"

"ஏன் கோவிக்கிறீங்கள்? பிள்ளை எங்கை?"

"இஞ்ச இல்லை."

"எங்கை போட்டா?"

"எங்கையும் போகேல்ல அம்மா. பிரச்சினையே அதுதான். அவள் நான்தான்."

பிறகு முழுவதையும் சொன்னார். தரகரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாமன் என் கணவரை முருங்கை ஊடாகத் தேடினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் ஏசினது உங்களையோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயிற்றுக்கிழமை காலமை மட்டும் இல்லை. கோயிலுக்குப் போறனான்."

மாப்பிள்ளைப் பொடியன் லேஞ்சியை வாயில் அடைத்தான், ஆனாலும் சிரிப்பு வெடித்துவிட்டது. தாய் திரும்பி முறைத்த நேரம் வாசலில் லொறி வந்து நின்றது.

அண்ணர் உள்ளே வந்தார். பட்டுச்சீலை, மல்லிகைச்சரம், தேத்தண்ணி எல்லாவற்றையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆர் இவை?"

தரகருக்குப் பழக்கதோசம். "நீங்கள்தான் பிள்ளையின்ர மாமாவோ? பெட்டையைப் பாக்க வந்தம்" என்று கும்பிட்டார்.

"எந்தப் பெட்டை?"

"இந்த வீட்டில வளருற பெட்டை."

அண்ணரின் முகத்தில் இரத்தம் இல்லை. பாய்க்கட்டின் மேல் அப்படியே இருந்துவிட்டார். "தங்கச்சி! எத்தனை வருசமாடி இந்தக் கூத்து? அப்பா உயிரோட இருக்கேக்கையோ?"

நான் கதவில் சாய்ந்துவிட்டேன். சிரிக்கவும் ஏலாது, நிற்கவும் ஏலாது. மாமன் ஒரு பக்கமும் தரகர் ஒரு பக்கமும் அவருக்கு விளங்கப்படுத்த, அவருக்கு விளங்குவதற்குள் அடுப்பில் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் விளங்கியது. பழையபடி மனேச்சராக எழும்பினார்.

"பாத்தியே, தனிய இருந்து உனக்கு மூளை குழம்பிப்போச்சு. அதுக்குத்தான் வா எண்டுறன். டிறைவர், சாமான்களை ஏத்து."

லொறிக்காரன் வந்து முதலில் இடியப்ப உரலைத் தூக்கினான். அக்கா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அதே கதவு, அதே அண்ணர், அதே கை. ஏதாவது சொல்லுங்கோ அக்கா, ஏதாவது சொல்லுங்கோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "சரிதானே தங்கச்சி?" என்றார் அண்ணர். சொல்லிவிட்டு மறுமொழிக்கு நிற்காமல் அடுத்த கட்டைத் தூக்கக் குனிந்தார்.

அக்கா பக்கவாட்டில் திரும்பினார், காலையில் உரலடியில் நின்று திரும்புகிற அதே மாதிரி. "எடி பெட்டை..." என்று தொடங்கினார். அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அண்ணரைப் பார்த்தார்.

"அண்ணா, ஏலாது."

"என்னது?"

"ஏலாது. நான் வரேல்ல. உங்கட பிள்ளையள லீவுக்கு அனுப்புங்கோ, வடிவாப் பாத்துக் கடலும் காட்டி அனுப்புறன். ஆனா நான் வரமாட்டன். எனக்கு இஞ்ச வேலை இருக்கு. என்ர இடியப்பத்தைத் திண்டுதான் மூதூர்ச் சனம் லோஞ்சு ஏறுது. தம்பி, உரலைக் கீழ வையும்."

லொறிக்காரன் உரலை வைத்துவிட்டான். குரல் அப்படி. எங்கள் ஒழுங்கையில் அவ்வளவு சத்தமான ஏலாதை அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அண்ணரின் முகம் வாடியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், நன்றாகவே வாடியது. ஆனால் அக்காவின் வாய் ஒட்டவில்லை. "இன்னொரு தேத்தண்ணி குடியுங்கோ அண்ணா" என்றது.

"அப்ப இதை முந்தியே சொல்லியிருக்கலாமே!" என்று அண்ணர் கையை விரித்தார். "வாய் இல்லையோ உனக்கு? நான் லொறி பிடிச்சு, இவ்வளவு தூரம் வந்து..."

"ஓம் அண்ணா" என்றார் அக்கா. "அதைத்தான் நானும் அவளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறனான்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். கதிரை கிறீச்சிட, பட்டுச்சீலை நழுவ, அப்படி ஒரு சிரிப்பு. பிறகு பொடியன், பிறகு நான். முருங்கையடியில் இருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. தரகர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அண்ணர் இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்து, வெறும் லொறியோடு, ஆனால் ஒரு பெட்டி இடியப்பத்தோடு போனார்.

கார் கிளம்புகிற நேரம் மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வந்தார். வாழையிலையை அவிழ்த்து மல்லிகைச்சரத்தை எடுத்து, குனியச் சொல்லாமலே அக்காவின் நரைத்த தலையில் தன் கையால் செருகினார். "பெட்டைக்கு எண்டு கொண்டுவந்தது. திருப்பிக் கொண்டு போகேலாது" என்றார். பிறகு ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "இவ்வளவு வாய்க்காரி எண்டு தெரிஞ்சிருந்தா நாங்கள் இந்தப் பக்கமே வந்திருக்கமாட்டம்."

அடுத்த நாள் ஞாயிறு. அக்கா கோயிலுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை விடியவே நான் மீன்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றேன். என் கணவரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார். உரல் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் அதுதான் கேட்டது. வாய் திறந்த மனுசிக்கு இனிப் பெட்டை தேவைப்படாது, போய்விட்டாள் என்று நினைத்தேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

"எடி பெட்டை" என்றது குரல். ஏச்சு இல்லை, மெல்லத்தான். "உனக்கு அப்ப பத்தொன்பது வயசுதானே. அம்மாவும் இல்லை. உனக்கென்ன தெரியும், பாவம்."

பிறகு ஒரு தட்டு வைக்கிற சத்தம்.

"வா, சாப்பிடுவம்."

என் மீன் சட்டியோடு கருகிப்போனது. என் கணவர்தான் போய்ச் சட்டியை இறக்கி வைத்தார்.